ரோலரின் கிராமும் மூட்டையின் கிலோவும்

கியர் இல்லாத ஸ்கூட்டர் முன்போல இழுக்கவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "கிளட்ச் கிட்டு மாத்திடுங்கண்ணே, பிக்கப் பிச்சுக்கும்" என்ற யோசனை உடனே வந்துவிடும். கடையில் கேட்டால் ஆறு ரோலர், ஒரு பெல்ட், சில ஸ்பிரிங்குகள், கிளட்ச் ஷூ என்று ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். இணையத்தில் தேடினால் எடை குறைந்த ரோலர், கடினமான ஸ்பிரிங், இத்தாலிய வேரியேட்டர், தைவான் ரோலர் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். வில்லியனூரிலிருந்து மூலக்குளம், ரெட்டியார்பாளையம் வழியாகத் தினமும் புதுச்சேரி டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கும், பாகூர்ப் பக்கம் மாட்டுத் தீவன மூட்டையைக் கால் வைக்கும் இடத்தில் இருத்திக்கொண்டு ஓட்டுகிறவருக்கும் இதில் எது தேவை என்பதுதான் கேள்வி. என் கட்சி இதுதான்: இந்தச் சமவெளியில் ஓடும் வண்டிக்கு வேண்டியது தேய்ந்து போனதற்குப் பதிலாகப் புதியது. அதுவும் வண்டியைச் செய்த நிறுவனம் வைத்த அதே எடையில், அதே ஸ்பிரிங் அழுத்தத்தில். பிக்கப் கூட்டும் கிட் என்று விற்கப்படுவது வேறொரு நிலத்தின் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. அதை இங்கே கொண்டுவந்து மாட்டினால் பெட்ரோலும் பெல்ட்டும்தான் செலவாகும்.

இதைப் புரிந்துகொள்ள இடப்பக்க மூடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். முன்னால், எஞ்சினின் கிராங்க் தண்டில், எதிரெதிரே சரிந்த இரண்டு தட்டுகள். பின்னால், சக்கரத்தருகே, அதேபோல இரண்டு தட்டுகள். இரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். முன் தட்டுகளில் ஒன்றின் முதுகில் ஆறு ரோலர்கள் சரிவான பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். இந்த அமைப்புக்கு வேரியேட்டர் என்று பெயர். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளிப்பக்கம் விலகி, தட்டை நெருக்கித் தள்ளும். நெருங்கும் தட்டுகளுக்கு நடுவே பெல்ட் மேலேறும். முன்னால் ஏறிய பெல்ட் பின்னால் இழுபட்டு உள்ளே இறங்கும். சைக்கிளில் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்குச் சங்கிலி மாறுவதைப் போன்ற வேலைதான், படிகள் இல்லாமல் வழுக்கிக்கொண்டே நடக்கிறது. பின் தட்டுகளை நெருக்கிப் பிடிக்க ஒரு கனத்த ஸ்பிரிங் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை கான்ட்ரா ஸ்பிரிங் என்பார்கள். அதோடு சரிவான காடிகளும் ஊசிகளும் கொண்ட டார்க் கேம் ஒன்றும் உண்டு. பாரம் கூடும்போது அது பின் தட்டுகளைத் திருகி நெருக்கி, பெல்ட்டை மறுபடி இழுவை நிலைக்குக் கொண்டுவருகிறது. இதற்கெல்லாம் அடுத்ததாகத்தான் உண்மையான கிளட்ச்: மூன்று ஷூக்கள், அவற்றைப் பிடித்துவைக்கும் சின்ன ஸ்பிரிங்குகள், ஷூக்கள் விரிந்து கவ்விக்கொள்ளும் பெல் என்ற கிண்ணம்.

இந்தப் பெல்ட் ஏற்பாட்டை வீட்டு வாகனத்துக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கியது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம், 1958-இல், வேரியோமேட்டிக் என்ற பெயரில் ஒரு சின்னக் காரில். இந்தியச் சாலையில் 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா அதை ஸ்கூட்டரில் பழக்கப்படுத்தியது. 2001-இல் ஆக்டிவா வந்தபின் அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஓசூரிலிருந்து 2013-இல் ஜூபிடர் வந்தது. நம் கிராமங்களில் இன்றும் பாரம் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இந்த வேரியேட்டர் கிடையாது. அதில் இருப்பது விரிந்து கவ்வும் கிளட்ச் மட்டும், ஒரே கியர். எக்ஸ்எல்லில் வளர்ந்த கை ஸ்கூட்டரைப் பிரிக்கும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. எக்ஸ்எல் இழுக்கவில்லை என்றால் கிளட்சைச் சந்தேகிப்பது நியாயம். ஸ்கூட்டர் இழுக்கவில்லை என்றால் கிளட்சுக்கு முன்னால் இன்னும் நான்கு இடங்களைப் பார்த்தாக வேண்டும்.

இனி அந்த வேறு நிலத்துக்கு வருவோம். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியிலும் இதே இரட்டைத் தட்டு, பெல்ட் ஏற்பாடுதான். குல்மார்க் போனவர்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனிமேட்டில் ஓடும் அந்த வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். வட அமெரிக்க மலைகளில் ஓடும் பெரிய ரகங்களில் 850 சிசி இரு வீச்சு எஞ்சின், நிமிடத்துக்கு 8,000 சுற்றை ஒட்டிய ஒரு குறுகிய இடத்தில்தான் முழுச் சக்தியையும் கொட்டும். இருநூறு, முந்நூறு சுற்று தவறினாலே ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு சக்தியை இழக்கிறது. 3,000 மீட்டரில் கிட்டத்தட்ட முப்பது பங்கு போய்விடும். கடல்மட்டத்துக்கென்று வைத்த கனமான எடைகளைத் தள்ளிக்கொண்டு அந்த மெலிந்த எஞ்சினால் உச்சச் சுற்றை எட்ட முடியாது. அதனால்தான் அங்கே எடையைக் குறைக்கிறார்கள், ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள், பின் தட்டின் சரிவுக் காடியையும் மாற்றுகிறார்கள். இவை மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களுடைய கிளட்ச் கிட். எஞ்சின் தொலைத்த சக்தியை அது திருப்பித் தருவதில்லை. மிஞ்சியிருக்கும் சக்தி எந்தச் சுற்றில் கிடைக்கிறதோ அந்தச் சுற்றிலேயே எஞ்சினை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

வில்லியனூர், பாகூர் போன்ற புதுச்சேரிக் கொம்யூன்களுக்கு இதில் எது பொருந்தும்? உயரம் பொருந்தவே பொருந்தாது. இந்தப் பக்கத்தின் மேட்டு நிலம் என்று சொல்லப்படும் கோரிமேடே கடல்மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் அளவில்தான் நிற்கிறது. வில்லியனூரும் பாகூரும் ஆற்று வண்டல் படிந்த தாழ்நிலம். ஊசுடேரியும் பாகூர் ஏரியும் இருக்கும் பூமி. இங்கே எஞ்சின் தன் முழு மூச்சோடுதான் ஓடுகிறது. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் குடியிருந்து, கோத்தகிரி வளைவுகளில் இருவரோடு தினமும் ஏறி இறங்குகிறவர் எடை குறைந்த ரோலரைப் பற்றி யோசித்தால் அதில் அர்த்தம் உண்டு. அவருடைய எஞ்சின் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் சக்தியை உண்மையிலேயே இழந்திருக்கிறது, சாலையும் செங்குத்து. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தை விட்டால் வேறு ஏற்றமே காணாத வண்டிக்கு அதே மருந்தைக் கொடுக்கக் காரணமில்லை.

"மலை இல்லாவிட்டால் என்ன, மூட்டை இருக்கிறதே" என்பார்கள். நியாயமான மறுப்பு, இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சமதளத்தில் சீராக ஓடும்போது டயரின் உருளல் தடை, எடையில் சுமார் நூற்றில் ஒன்றரைப் பங்கு. 50 கிலோ மூட்டையைக் கூடுதலாக ஏற்றி 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அதற்காக எஞ்சின் தரவேண்டிய கூடுதல் சக்தி ஏறத்தாழ 82 வாட், அதாவது ஒரு குதிரைத்திறனில் ஒன்பதில் ஒரு பங்கு. 110 சிசி ஸ்கூட்டர் எஞ்சினிடம் இருப்பதோ எட்டுக் குதிரைத்திறனை ஒட்டி. மேம்பாலத்தில் முப்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்த 220 கிலோவை அதே வேகத்தில் ஏற்ற இன்னும் ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேல் போதும். எஞ்சினிடம் இருப்பு தாராளமாக இருக்கிறது. ஏற்றம் வந்ததும் டார்க் கேம் தானே இழுவைக்கு இறக்கிக் கொடுக்கவும் செய்கிறது. மூட்டை உண்மையில் கஷ்டம் கொடுப்பது ஓரிடத்தில்தான்: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது. மூட்டை ஏறி 170 கிலோ 220 ஆனால் நூற்றுக்கு 29 பங்கு அதிகம். அந்த அளவுக்கு மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், அதுவரை ஷூக்களும் கிண்ணத்தில் வழுக்கிக்கொண்டிருக்கும். ரயில்வே கேட்டில், சிக்னலில், சந்தைக் கூட்டத்தில் நின்று நின்று போகும் பாரவண்டிக்கு ஷூ சீக்கிரம் தேய்வது இதனால்தான். இதற்கு மருந்து நல்ல ஷூவும், கிளம்பும்போது முறுக்கி விட்டுச் சட்டென்று நகர்ந்துவிடும் பழக்கமும். பாதி முறுக்கில் ஊர்ந்துகொண்டே, கூடவே பிரேக்கையும் பிடித்துக்கொண்டு போனால் எந்தக் கம்பெனி ஷூவும் கண்ணாடி போல மெருகேறி வழுக்கத் தொடங்கும்.

சரி, கொஞ்சம் எடை குறைத்துத்தான் பார்ப்போமே என்றால் என்ன நடக்கும்? ரோலர் தள்ளும் விசை அதன் எடைக்கும், சுற்று வேகத்தின் இருமடிக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். அதனால் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், பழைய விசை கிடைக்க எஞ்சின் சுமார் ஐந்து விழுக்காடு கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் பன்னிரண்டு விழுக்காடு. 5,500 சுற்றில் போய்க்கொண்டிருந்த எஞ்சின் அதே சாலையில், அதே வேகத்தில் 6,150 சுற்றில் கத்திக்கொண்டு போகும். இந்த எஞ்சின்களின் இழுவிசை உச்சத்தைத் தொடுவதே 5,000-த்துக்கும் 5,500-க்கும் இடையில்தான். வண்டியைச் செய்தவர்கள் ரோலர் எடையை அதற்கு ஏற்பத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். மேலே தள்ளினால் பிக்கப் கூடியது போலச் சத்தம் சொல்லும், உராய்வும் பெட்ரோலும் கூடியிருக்கும். புதுச்சேரியில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்பதால் இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மாதம் முழுக்க ஓடும் வண்டியில் அந்தச் சில ரூபாய் மலிவு இப்படியே கரைந்துவிடும்.

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மலைப் பனியில் எடை மாற்றுகிறவர்கள் கண்ணை எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரில் வைத்துக்கொண்டு மாற்றுகிறார்கள். முழு முறுக்கில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஒன்றிரண்டு கிராம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் டாக்கோமீட்டரே இல்லை. அளவைக் காட்டும் கருவி இல்லாமல் அளவை மாற்றுவது குருட்டு வேலை. காதுக்குத் தெரியும் என்பது பாதி உண்மைதான். தேய்ந்த ரோலரோடு ஓடும் வண்டியும் கத்தத்தான் செய்யும், எடை குறைந்த ரோலரோடு ஓடும் வண்டியும் கத்தத்தான் செய்யும். பிளக் வயரில் மாட்டிச் சுற்றைப் படிக்கும் சின்னக் கருவி குறைந்த விலைக்கே கிடைக்கிறது. ரோலர் எடையை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

கடினமான ஸ்பிரிங்குகளின் கதையும் இதுதான். கான்ட்ரா ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் பின் தட்டுகள் பெல்ட்டை எப்போதும் கூடுதலாக நெருக்கும். வண்டி மேல்நிலைக்குப் போகத் தயங்கும், பெல்ட் சூடாகும். கிளட்ச் ஷூவின் சின்ன ஸ்பிரிங்குகளைக் கடினமாக்கினால் ஷூ தாமதமாக, அதிகச் சுற்றில் விரிந்து 'டக்'கென்று கவ்வும். பந்தயத்தில் அது ருசி. பின்னால் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு வில்லியனூர் மாடவீதிக் கூட்டத்தில் ஊர்கிறவருக்கு அது ஜெர்க். தினமும் கனத்த பாரம் ஏற்றுகிற, வேறு வழியே இல்லாத வண்டியாக இருந்தால் ரோலரில் ஒரு கிராம் அளவுக்குள் குறைத்துப் பார்க்கலாம் என்று விட்டுக்கொடுக்கிறேன். ஸ்பிரிங்குகளைத் தொட வேண்டாம்.

பிறகு வண்டி ஏன் இழுக்கவில்லை? பெரும்பாலும் தேய்மானம்தான், அதற்குத் தடயமும் இருக்கும். ரோலர் உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் அது பள்ளத்தில் உருளாமல் சிக்கிக்கொள்ளும். வண்டி பாதி வேகத்தில் கத்தும், அதற்குமேல் ஏறாது. பெல்ட்டின் அகலம் குறைந்திருந்தால் அது முன் தட்டில் இருக்க வேண்டிய உயரத்துக்கு ஏற முடியாது, உச்ச வேகம் குறையும்; கிளம்பும்போது தளர்ந்து கிடந்து உதறும். டார்க் கேமில் கிரீஸ் காய்ந்திருந்தால் ஏற்றத்தில் இறக்கிக் கொடுக்காது. ஷூ கண்ணாடியாகியிருந்தாலோ, கிண்ணத்தில் நீலம் பாய்ந்திருந்தாலோ அதிகமாகச் சூடேறி வழுக்கியிருக்கிறது என்று பொருள். வண்டியோடு வரும் கையேட்டில் பெல்ட்டின் குறைந்தபட்ச அகலம், ரோலரின் குறைந்தபட்ச விட்டம், ஷூவின் குறைந்தபட்சத் தடிமன் போன்ற அளவுகள் சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி விடப்பட்டிருக்கலாம். சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள். வெர்னியர் ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துவிடும். ரோலர்களை எடை போட்டுப் பார்க்க நகைக்கடைத் தராசே போதும். ஆறும் ஒன்றுக்கொன்று மிகச் சின்ன வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும்.

நம் கொம்யூன்களில் இந்தத் தேய்மானத்தைத் துரிதப்படுத்தும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று தூசி. அறுவடைக் காலத்தில் பாகூர்ச் சாலைகளில் நெல் காயும்போதும் பதர் பறக்கும்போதும், அந்தத் தூசியை வேரியேட்டரைக் குளிர்விக்கும் விசிறி உள்ளே இழுக்கிறது. பல மாடல்களில் இடப்பக்க மூடியில் அதற்கென்று ஒரு சின்ன நுரை வடிகட்டி இருக்கும். எஞ்சின் ஏர் ஃபில்டரை நினைவாக மாற்றுகிற பலர் இதைத் தொடுவதே இல்லை. இன்னொன்று வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து வந்த நாள்களில் சாத்தனூர் அணையின் உபரி நீரோடு தென்பெண்ணை பாகூர்ப் பக்கக் கிராமங்களுக்குள் புகுந்தது. சங்கராபரணி வில்லியனூர்ப் பக்கம் கரை தொட்டு ஓடியது. முழங்கால் தண்ணீரில் நின்ற ஸ்கூட்டர்களின் எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள், பிளக்கைத் துடைத்தார்கள். பெல்ட் அறைக்குள் போன சேற்று நீரை யாரும் பார்க்கவில்லை என்றால், நகரும் முன் தட்டைத் தாங்கும் புஷ்ஷும் பேரிங்கும் துருப்பிடித்து, சில மாதம் கழித்துத்தான் வண்டி 'இழுக்கல' என்ற புகாராக அது வெளியே வரும். அப்படி வந்த வண்டிக்குப் பிக்கப் கிட் போட்டால் துருப்பிடித்த புஷ்ஷின் மேல் நகரும் தட்டில் புது ரோலர் உட்காரும். வெள்ளம் பார்த்த வண்டியில் மூடியைத் திறந்து காயவைத்துத் துடைப்பதும், பின்சக்கரக் கியர் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுவதும் எந்தக் கிட்டைவிடவும் முதல் வேலை. அந்த ஆயில் நூறு, நூற்றிருபது மில்லிதான் பிடிக்கும்.

வாங்கும் விஷயத்தில் நான் 'கம்பெனி ஐட்டம் மட்டும்' கட்சி இல்லை. வண்டி நிறுவனங்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. ஹோண்டாவுக்குக் கிளட்ச் செய்து கொடுக்கும் எஃப்.சி.சி. போல, பெல்ட்டுக்கு பாண்டோ, மிட்சுபோஷி, கேட்ஸ் போலச் சப்ளை செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களின் பெட்டியில், உங்கள் மாடல் எண்ணோடு பொருந்தி வரும் சாமான் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மலோசி, பொலினி போன்ற இத்தாலிய வேரியேட்டர்களும், தைவானின் டாக்டர் புல்லி ரோலர்களும் தரமானவைதான். ஆனால் அவை இங்கே ஓடும் 110 சிசி வண்டிக்கும் அன்றாடப் பாரத்துக்கும் தேவைப்படாத செலவு. அஞ்ச வேண்டியது பெயர் இல்லாத பெட்டியை, அதைவிட அதிகமாகப் பெயரைத் திருடிய பெட்டியை. சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து இங்குள்ள கடை வரை சாமான் பல கை மாறி வருகிறது. நடுவில் எங்கே கலப்படம் நடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே பில் வாங்குங்கள், அச்சும் ஹோலோகிராமும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அகலமும் பற்களும் ஒத்திருக்கின்றனவா என்று வைத்துப் பாருங்கள். புது பெல்ட்டைப் பற்கள் வெளிப்பக்கம் வரும்படி மடக்கும்போது பற்களின் அடியில் வெடிப்பு தெரிந்தால் அது அலமாரியிலேயே கிழடானது. வாரண்டி காலத்துக்குள் இருக்கும் வண்டி என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

மாட்டும் வேலையில்தான் நல்ல சாமானும் கெட்டுப்போகிறது. முன் தட்டின் விசிறி இதழ்களுக்கு நடுவே ஸ்குரூ டிரைவரைக் குத்தி நிறுத்தி நட்டைக் கழற்றுவது பல இடங்களில் வழக்கம். ஓர் இதழ் உடைந்தாலும் சமநிலை போய்விடும். தட்டைப் பிடிக்க அதற்கென்று ஒரு ஹோல்டர் இருக்கிறது. பழைய ஷூக்களின் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதக் கூடாது. மலிவான, பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. பக்கத்தில் நிற்கும் உதவியாளர் பையனின் நுரையீரலுக்குத்தான் அது முதலில் போகும். ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். இன்று ஓடும் பல வண்டிகளில் ரோலரும் பள்ளமும் உலர்வாகவே இருக்க வேண்டும். அவற்றில் கிரீஸ் பூசினால் தூசி ஒட்டிக் களிம்பாகி ரோலர் நின்றுவிடும். கிரீஸ் போக வேண்டிய இடம் பின்னால் உள்ள டார்க் கேமின் காடி. அங்கேயும் வழியாத அளவு, மேலே ஓ-ரிங்கும் சீலும் புதிதாக. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

இதில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வண்டிக்காரரும் பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்பேன். புது பெல்ட் அகலமானது. பின் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அங்கே நன்றாக உள்ளே அழுத்திவிட்டால்தான் முன்னால் அது தளர்ந்து, கிராங்க் தண்டைச் சுற்றி அடியில் உட்காரும். அப்படிச் செய்யாமல் முன் தட்டை வைத்து நட்டை முடுக்கினால், தட்டின் நடுப்பகுதி புஷ்ஷின் முகத்தில் போய் உட்காராது. இடையில் பெல்ட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். நட்டு இறுகியது போலவே கைக்குத் தெரியும். இம்பாக்ட் கன் 'டர்' என்று சத்தம் கொடுத்து நின்றுவிடும், மெக்கானிக் மூடியை மாட்டிவிடுவார். பத்து இருபது கிலோமீட்டரில் பெல்ட் கீழிறங்கி இடம் பிடித்ததும் தட்டு ஆடத் தொடங்கும். தட்டு ஆடினால் அதன் உள்பற்கள் கிராங்க் தண்டின் பற்களைத் தின்னும். பெல்ட்டுக்காகச் செய்த செலவு கிராங்க் மாற்றும் செலவாக முடிவது இப்படித்தான். தட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வழி எளிது: நட்டைப் போடும் முன் தண்டின் மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பழைய நிலையோடு ஒப்பிட வேண்டும், பெல்ட்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் தளர்வாக அசைய வேண்டும். பிறகு டார்க் ரெஞ்சில், அந்த மாடலுக்குச் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு நல்லது; முடிவாக முடுக்குவதற்கு அது அளவறியாத கருவி.

எங்கள் தெரு மெக்கானிக்குக்கு இருபது வருட அனுபவம், அவருக்கு டார்க் ரெஞ்ச் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அனுபவத்தை மதிக்கிறேன். வண்டி வந்து நிற்கும்போதே சத்தத்தை வைத்து ரோலரா பேரிங்கா என்று சொல்லும் கை அது. ஆனால் கைக்குத் தெரியாமல் இறுகி நிற்கும் நட்டைப் பற்றித்தான் மேலே பேசினோம். அனுபவசாலியின் கையில் டார்க் ரெஞ்ச் இருந்தால் வண்டிக்காரருக்குத்தான் லாபம், அந்தக் கருவியின் விலை நான்கைந்து வண்டி வேலையில் திரும்ப வந்துவிடும். மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்ட பிறகு இந்த ஆராய்ச்சி எதற்கு என்றும் கேட்கலாம். அவற்றில் இந்த வேரியேட்டர் இல்லைதான். ஆனால் இன்று ஷோரூமிலிருந்து இறங்கும் பெட்ரோல் ஸ்கூட்டரே இன்னும் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடும். பிறகு அது கிராமத்துக்கு இரண்டாம் கையாக வந்து இன்னும் சில வருடம் ஓடும். தேய்ந்த வண்டியும் குறைந்த பணமும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் தவறான கிட் அதிகமாக விற்கிறது.

மாட்டி முடித்ததும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது பின்சக்கரம் வேகமாகச் சுழலாமல் இருக்கிறதா, லேசாகத் தொட்டால் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விடாமல் சுழன்றால் ஷூ சரியாக விலகவில்லை, அல்லது ஐடில் அதிகம். முதல் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல், முழு முறுக்கு முறுக்காமல் ஓட்டினால் ஷூவும் கிண்ணமும் முழு முகத்தோடு உரசிப் படியும். புது பெல்ட் கொஞ்சம் கறுப்புத் தூள் உதிர்ப்பதும் லேசான ரப்பர் வாசனை வருவதும் இயல்பு. எரிந்த வாசனை வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் ஒருமுறை மூடியைத் திறந்து நட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போட்ட ரோலரின் எடை, பெல்ட்டின் எண், அன்றைய கிலோமீட்டர், தேதி நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆர்.சி. புத்தக நகலோடு சேர்த்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால், அடுத்த முறை மூடியைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம்.